மடிக்கணினியின் வைஃபை இணைப்பை எந்த மென்பொருளிடம் ஒப்படைப்பது?

கடலோரன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். அண்ணன் பயன்படுத்திவிட்டு எனக்குக் கொடுத்த பழைய திங்க்பேட் மடிக்கணினியில் டெபியன் 12 என்ற லினக்ஸ் இயங்குதளம் இருக்கிறது. நினைவகம் 4 ஜிபிதான் என்பதால் க்னோம், கேடிஈ போன்ற முழு டெஸ்க்டாப் எதையும் நிறுவாமல், ஐ3 சாளர மேலாளரை மட்டும் வைத்துக்கொண்டு வேலை பார்க்கிறேன். வைஃபை அட்டை இன்டெல் தயாரிப்பு. வீட்டு ரவுட்டர், கைப்பேசியின் ஹாட்ஸ்பாட், கல்லூரி வளாகத்தில் உள்ள எடுரோம் (கல்வி நிறுவனங்களுக்கான பொது வைஃபை வலையமைப்பு) ஆகிய மூன்றிலும் இது இணைய வேண்டும்.

வீட்டில் இணைப்பு கிடைத்துவிடுகிறது. ஆனால் சற்று நேரத்தில் அறுந்துபோய்த் தானாகவே மீண்டும் வருகிறது. அதே நேரத்தில் பக்கத்திலேயே இருக்கும் கைப்பேசிக்கு எந்தத் தடங்கலும் இல்லை. கல்லூரியில் இதுவரை ஒருமுறைகூட இணைய முடியவில்லை. தேடிப் பார்த்தால் நெட்வொர்க் மேனேஜர், ஐடபிள்யூடி, கான்மேன், சிஸ்டம்டி-நெட்வொர்க்டி, விக்ட் என்று ஆளுக்கொன்றைப் பரிந்துரைக்கிறார்கள். நினைவகம் குறைவாக இருப்பதால், இவற்றுள் மிக இலகுவான ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம் என்று நினைக்கிறேன். அது எது என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

வழிப்போக்கன் எழுதியது:

வணக்கம் கடலோரன். இலகுவானது எது என்ற கேள்வியைச் சற்றுத் தள்ளி வையுங்கள். நீங்கள் குறிப்பிட்டிருக்கும் ஐந்தும் ஒரே வேலையைச் செய்பவை அல்ல. ஆகவே அவற்றை ஒரே தட்டில் வைத்து எடைபோட முடியாது.

வைஃபை இணைப்பு ஒன்று உருவாவதற்குள் நான்கு வேலைகள் நடந்தாக வேண்டும். அட்டையை இயக்குவது கெர்னலில் (இயங்குதளத்தின் மையப் பகுதி) உள்ள இயக்கியும் அதற்குரிய ஃபர்ம்வேரும் (அட்டைக்குள் ஓடும் மென்பொருள்). அதற்கடுத்து, ரவுட்டரிடம் கடவுச்சொல்லை மெய்ப்பித்து மறையாக்கச் சாவிகளை உருவாக்கிக்கொள்ள வேண்டும். பிறகு ஐபி முகவரியையும் தளப் பெயரை ஐபி முகவரியாக மாற்றும் பெயர்த்தீர்வுக்கான டிஎன்எஸ் விவரங்களையும் பெற வேண்டும். இவற்றுக்கெல்லாம் மேலாக, கண்ணில் படும் வலையமைப்புகளுள் எதில் இணைவது, உறக்கத்திலிருந்து எழுந்தவுடன் என்ன செய்வது, கேபிள் செருகப்பட்டால் எதற்கு முன்னுரிமை தருவது என்றெல்லாம் முடிவெடுக்க ஒன்று வேண்டும்.

உங்கள் பட்டியலில் இல்லாத டபிள்யூபிஏ சப்ளிகண்ட்தான் நெடுங்காலமாக இரண்டாவது வேலையைச் செய்துவருகிறது. 2003-ஆம் ஆண்டிலிருந்து யௌனி மாலினன் அதை எழுதிப் பராமரித்துவருகிறார். ஐடபிள்யூடி அந்த இடத்துக்கு இன்டெல் உருவாக்கிய மாற்று. விரும்பினால் மூன்றாவது வேலையையும் அதுவே ஏற்றுக்கொள்ளும். சிஸ்டம்டி-நெட்வொர்க்டி முகவரி வாங்கித் தருமே தவிர, வைஃபை கடவுச்சொல்லைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது. கீழே சப்ளிகண்டோ ஐடபிள்யூடியோ இருந்தால்தான் அது வைஃபையில் பயன்படும். ரெட்ஹேட் நிறுவனம் 2004-இல் தொடங்கிய நெட்வொர்க் மேனேஜர் நான்காவது வேலைக்கானது; முகவரியைத் தானே பெற்றுக்கொண்டு, மெய்ப்பிக்கும் வேலையை மட்டும் சப்ளிகண்டிடம் விட்டுவிடுகிறது. கான்மேனும் அதே வகையைச் சேர்ந்ததுதான். சிறிய கருவிகளுக்காக இன்டெல் உருவாக்கியது. செயில்ஃபிஷ் கைப்பேசிகளில் இன்றும் இருக்கிறது. நல்ல மென்பொருள்தான் என்றாலும், மடிக்கணினியில் சிக்கல் வந்தால் உதவி கேட்க ஆள் கிடைப்பது அரிது.

விக்டை நீங்கள் எடுத்துக்கொள்ளவே வேண்டாம். பைத்தான் 2-ஐ நம்பி எழுதப்பட்ட மென்பொருள் அது. அந்தப் பதிப்புக்கான ஆதரவு 2020 சனவரி 1-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. டெபியன் 11-லிருந்து விக்ட் அதன் மென்பொருள் களஞ்சியத்திலேயே இல்லை. அதைப் பரிந்துரைக்கும் கட்டுரைகள் பழையவை.

புதிதாக எதையும் நிறுவுவதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். உங்கள் கணினியில் இப்போது என்னென்ன ஓடிக்கொண்டிருக்கின்றன என்று சிஸ்டம்சிடிஎல் கட்டளையால் பார்த்து, மேலே சொன்ன பெயர்களுள் எவை செயலில் இருக்கின்றன என்பதை இங்கே எழுதுங்கள். இணைப்பு அறுந்த நேரத்தையொட்டி ஜர்னல்சிடிஎல் கட்டளை காட்டும் பதிவு வரிகளும் வேண்டும். கணினி வேறொருவர் கையிலிருந்து வந்தது என்பதால் கேட்கிறேன்.

கார்முகில் எழுதியது:

வழிப்போக்கன் பிரித்துக் காட்டியிருப்பது சரியே. ஆனாலும் இந்தக் கணினிக்கு ஐடபிள்யூடி மட்டுமே போதும் என்பது என் கருத்து.

ஐ3 பயன்படுத்துபவருக்குப் பேனலில் சின்னம் தேவையில்லை. ஐடபிள்யூசிடிஎல் என்ற கட்டளைக்குள் நுழைந்து, வலையமைப்புகளைத் தேடச் சொல்லி, பெயரைக் கொடுத்து இணைத்துவிட்டால் அடுத்த முறை அதுவே நினைவில் வைத்திருந்து இணைகிறது. ஒவ்வொரு வலையமைப்புக்கும் தனித்தனியாக ஒரு சிறிய உரைக்கோப்பு இருப்பதால், எது எங்கே பதிவாகியிருக்கிறது என்பதில் குழப்பமே வராது. மறையாக்கத்துக்கு வெளி நூலகங்களைத் துணைக்கழைக்காமல் கெர்னலில் உள்ள வசதிகளையே பயன்படுத்திக்கொள்கிறது. உறக்கத்திலிருந்து எழுந்ததும் மிக விரைவாக இணைந்துவிடுகிறது; என் கணினியில் திரைப்பூட்டைத் திறப்பதற்குள் இணைப்பு வந்துவிடும். 2019-இல் 1.0 பதிப்பு வெளிவந்த மென்பொருள் என்பதால் இனியும் அதைச் சோதனைச் சரக்கு என்று ஒதுக்கிவைக்க வேண்டியதில்லை. ஆர்ச் லினக்ஸின் நிறுவல் வட்டிலேயே வைஃபைக்கு அதைத்தான் தந்திருக்கிறார்கள்.

டெபியனில் கவனிக்க வேண்டிய இடங்கள் இரண்டு. முகவரியையும் அதுவே பெற வேண்டுமென்றால், ஈடிசி கோப்புறையின் கீழ் உள்ள ஐடபிள்யூடியின் மெயின் கோப்பில், பொதுப் பகுதியில் வலையமைப்பு அமைவை இயக்கும் வரியைச் சேர்க்க வேண்டும். இயல்பாக அது அணைந்திருக்கும். அடுத்து, டிஎன்எஸ் விவரங்களை அது, பெயர்த்தீர்வைக் கவனிக்கும் சிஸ்டம்டி-ரிசால்வ்டியிடம்தான் ஒப்படைக்கப் பார்க்கும். டெபியன் 12-இல் அது தனிப் பொதியாகப் பிரிக்கப்பட்டுவிட்டதால் தானாக நிறுவப்படுவதில்லை. இதைக் கவனிக்காதவர்களுக்குத்தான், இணைப்பு இருக்கிறது, முகவரியும் வந்திருக்கிறது, ஐபி எண்ணுக்குப் பிங் போகிறது, ஆனால் எந்த இணையதளமும் திறக்கவில்லை என்ற நிலை ஏற்படுகிறது. அந்தப் பொதியை நிறுவிவிட்டால் தீர்ந்துவிடும்.

நூலகவாசி எழுதியது:

கார்முகில் சொல்வது வீட்டுக்கும் ஹாட்ஸ்பாட்டுக்கும் முழுமையாகப் பொருந்தும். ஆனால் கடலோரனின் மூன்று இடங்களுள் ஒன்று எடுரோம் என்பதை நாம் கடந்துபோய்விடக் கூடாது. என்னைப் பொறுத்தவரை இந்தத் தேர்வைத் தீர்மானிக்க வேண்டியது அதுதான்.

வீட்டு ரவுட்டரில் எல்லோருக்கும் பொதுவாக ஒரே கடவுச்சொல். எடுரோம் போன்ற நிறுவன வலையமைப்புகளில் ஒவ்வொருவருக்கும் தனிப் பயனர்பெயரும் கடவுச்சொல்லும் உண்டு. நீங்கள் பேசுவதும் சுவரில் மாட்டியிருக்கும் கருவியோடு அல்ல, அதற்குப் பின்னால் இருந்து பயனர்களைச் சரிபார்க்கும் ரேடியஸ் சேவையகத்தோடு. உங்கள் கடவுச்சொல்லைக் கேட்பது உண்மையிலேயே உங்கள் கல்லூரியின் சேவையகம்தானா என்பதை உங்கள் கணினி சரிபார்க்க வேண்டும். அதற்குச் சான்றிதழ் வழங்கிய அமைப்பின் கோப்பும் சேவையகத்தின் டொமைன் பெயரும் அமைவில் இடம்பெற்றிருக்க வேண்டும். இரண்டில் ஒன்று விடுபட்டாலும் ஆபத்துதான். சான்றிதழைச் சரிபார்த்து டொமைன் பெயரை விட்டுவிட்டால், அதே அமைப்பிடம் வேறு எவர் சான்றிதழ் வாங்கியிருந்தாலும் உங்கள் கணினி அவரை நம்பிவிடும்.

இதை வலியுறுத்தக் காரணம் இருக்கிறது. எடுரோம் என்ற பெயரை யார் வேண்டுமானாலும் தங்கள் கருவியில் ஒளிபரப்பலாம், பேருந்து நிலையத்தில்கூட. சரிபார்ப்பு இல்லாத கணினி பையில் இருந்தபடியே அதனோடு பேசத் தொடங்கிவிடும். கடவுச்சொல்லை மெய்ப்பிக்க உள்ளே பயன்படும் எம்எஸ்-சாப் இரண்டாம் பதிப்பு முறை வலுவற்றது. டிஇஎஸ் என்ற பழைய மறையாக்க முறையின் ஒற்றைச் சாவியைத் தேடிக் கண்டுபிடிக்கும் அளவுக்கு அதைச் சுருக்கிவிடலாம் என்று 2012-ஆம் ஆண்டு டெஃப்கான் கணினிப் பாதுகாப்பு மாநாட்டில் பாதுகாப்பு ஆய்வாளர் மாக்சி மார்லின்ஸ்பைக் செய்தே காட்டினார். அதற்குப் பதிலாகப் பாப் என்ற மெய்ப்பிக்கும் முறை என்றால் அந்த அளவு உழைப்பும் தேவையில்லை. கடவுச்சொல் அப்படியே போய்ச் சேர்ந்துவிடும். பல கல்லூரிகளில் மின்னஞ்சலுக்கும் மதிப்பெண் பட்டியலுக்கும் அதே கடவுச்சொல்தான் என்பதை நினைத்துப் பாருங்கள். "சான்றிதழ் தேவையில்லை" என்ற பெட்டியில் குறியிட்டால் இணைந்துவிடும் என்று அறிவுரை சொல்பவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

எடுரோம் அமைப்பே கேட் என்ற கருவியைத் தருகிறது. உங்கள் நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்தால் லினக்ஸுக்கென ஒரு பைத்தான் நிரலைப் பதிவிறக்கித் தரும். அதை இயக்கினால் சான்றிதழ், டொமைன் பெயர், வெளியே தெரியும் போலிப் பயனர்பெயர் எல்லாவற்றையும் சரியாக நிரப்பி நெட்வொர்க் மேனேஜரில் நேரடியாக ஓர் இணைப்பை உருவாக்கிவிடும். நெட்வொர்க் மேனேஜர் இல்லையென்றால் சப்ளிகண்டுக்கான கோப்பை எழுதித் தரும். இந்த ஒரு வசதிக்காகவே உங்களுக்கு நான் நெட்வொர்க் மேனேஜரைப் பரிந்துரைப்பேன். அது பிடிக்கும் நினைவகம், இணைய உலாவியில் ஒரு தளத்தைத் திறந்தால் போகும் நினைவகத்தோடு ஒப்பிட்டால் பொருட்படுத்தத் தக்கதன்று.

கார்முகில் எழுதியது:

பாதுகாப்பைப் பற்றி நூலகவாசி சொன்ன ஒவ்வொரு வரியையும் ஏற்றுக்கொள்கிறேன். ஐடபிள்யூடியால் அது முடியாது என்ற எண்ணம் மட்டும் யாருக்கும் வந்துவிட வேண்டாம். வலையமைப்பின் பெயரோடு 8021எக்ஸ் என்ற பின்னொட்டைச் சேர்த்து, வார் கோப்புறையின் லிப் பகுதியில் உள்ள ஐடபிள்யூடியின் இடத்தில் ரூட் (நிர்வாகி) உரிமையோடு ஒரு கோப்பை எழுதினால் போதும். சான்றிதழின் இடத்தையும் சேவையகத்தின் டொமைன் பெயரையும் தருவதற்கு அதில் தனித்தனி வரிகள் உண்டு. நான் என் அலுவலகத்தில் அப்படித்தான் பயன்படுத்துகிறேன்.

நூலகவாசி எழுதியது:

முடியும் என்பதில் எனக்கும் ஐயமில்லை, கார்முகில். அந்தக் கோப்பை ஒருவர் கையால் எழுத வேண்டும் என்பதும், டொமைன் பெயருக்கான வரியை விட்டுவிட்டாலும் இணைப்பு கிடைத்துவிடும் என்பதும்தான் என் கவலை. அந்த வரி விடுபட்டிருப்பதை எந்த எச்சரிக்கையும் காட்டிக்கொடுக்காது. உங்களைப் போல் ஆவணங்களைப் படித்துப் புரிந்துகொண்டு எழுதுபவருக்கு அது சரி. முதன்முறையாக நிறுவன வலையமைப்பில் இணையும் மாணவர் ஒருவருக்குக் கல்லூரியே நிரப்பித் தரும் அமைவுதான் நல்லது என்று உறுதியாக நினைக்கிறேன்.

கடலோரன் எழுதியது:

இவ்வளவு விரிவாக எழுதிய அனைவருக்கும் நன்றி. வழிப்போக்கன் ஐயா கேட்டபடி பார்த்தேன். நெட்வொர்க் மேனேஜர், டபிள்யூபிஏ சப்ளிகண்ட், ஐடபிள்யூடி ஆகிய மூன்றும் செயலில் இருக்கின்றன. அண்ணனிடம் கேட்டதற்கு, எதையோ சோதித்துப் பார்க்க ஐடபிள்யூடியை நிறுவியதாகவும் பிறகு அதை மறந்துவிட்டதாகவும் சொன்னார்.

இணைப்பு அறுந்த நேரத்து வரிகளில் சப்ளிகண்டின் பெயரில் "சிடிஆர்எல்-ஈவென்ட்-டிஸ்கனெக்டட்" என்று வருகிறது; அதன் முடிவில் "ரீசன்=3 லோக்கலி ஜெனரேட்டட்=1" என்று இருக்கிறது. அதற்குச் சற்று முன்போ பின்போ ஐடபிள்யூடியின் வரிகளும் வருகின்றன. இதற்கு என்ன பொருள்?

வழிப்போக்கன் எழுதியது:

விடை அந்தக் கடைசிச் சொற்றொடரிலேயே இருக்கிறது. துண்டிப்பு ரவுட்டரிடமிருந்து வரவில்லை, உங்கள் கணினிக்குள்ளிருந்தே பிறந்திருக்கிறது என்பதைத்தான் அந்த 1 என்ற மதிப்பு குறிக்கிறது. ரவுட்டர் துண்டித்திருந்தால் அந்தச் சொற்றொடரே வந்திருக்காது. கைப்பேசிக்கு எந்தத் தடங்கலும் இல்லாததற்கும் இதுவே காரணம். வைஃபை அறுந்தால் பெரும்பாலோர் முதலில் ரவுட்டரை அணைத்துப் போடுகிறார்கள், அடுத்து சேவை நிறுவனத்தை அழைக்கிறார்கள். இந்த ஒரு வரியைப் பார்த்துவிட்டுத் தொடங்கினால் எவ்வளவோ அலைச்சல் மிஞ்சும்.

நடப்பது இதுதான். நெட்வொர்க் மேனேஜரின் சொற்படி சப்ளிகண்ட் உங்கள் அட்டையை வீட்டு ரவுட்டரோடு இணைக்கிறது. ஐடபிள்யூடியும் அதே அட்டை தன்னுடையது என்று கருதி, தான் அறிந்த வலையமைப்பைத் தேடி இணைக்க முற்படுகிறது. அண்ணன் காலத்தில் வீட்டுக் கடவுச்சொல் அதிலும் பதிவாகியிருக்க வேண்டும். ஒன்று கட்டிய இணைப்பை மற்றொன்று கலைக்கிறது. கலைந்ததைக் கண்டு முதலாவது மீண்டும் கட்டுகிறது. இரண்டில் எது நல்ல மென்பொருள் என்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை. தனித்தனியாக இருந்திருந்தால் இரண்டுமே உங்கள் வீட்டில் ஒழுங்காக வேலை செய்திருக்கும்.

நூலகவாசியின் பரிந்துரையை நானும் வழிமொழிகிறேன். ஐடபிள்யூடி சேவையை நிறுத்தி, அடுத்த துவக்கத்திலும் எழாதபடி முடக்கிவிட்டு, சிஸ்டம்சிடிஎல்லின் மாஸ்க் கட்டளையையும் கொடுங்கள். முடக்கிய சேவையை, நிரல்கள் ஒன்றோடொன்று பேசும் டி-பஸ் வழியாக வேறொரு நிரல் எழுப்பிவிடக்கூடும், மாஸ்க் செய்தால் அது நடக்காது. பொதியையே நீக்கிவிட்டாலும் சரிதான். நெட்வொர்க் மேனேஜரின் அமைவுக் கோப்புகளில் வைஃபைக்கான பின்புலமாக ஐடபிள்யூடி குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். 2018-இல் வெளிவந்த 1.12 பதிப்பிலிருந்து அந்த வசதி உண்டு. இருந்தால் அந்த வரியை நீக்க வேண்டும்.

டெபியனில் இன்னொரு இடத்தையும் பார்ப்பது நல்லது. டெஸ்க்டாப் இல்லாமல் வைஃபை வழியாக நிறுவியிருந்தால், நிறுவும் நிரல் வலையமைப்பின் பெயரையும் கடவுச்சொல்லையும் ஈடிசி கோப்புறையின் நெட்வொர்க் பகுதியில் உள்ள இன்டர்ஃபேசஸ் கோப்பில் எழுதி வைத்துவிடும். அந்தக் கோப்பில் பெயர் இருக்கும் அட்டையை நெட்வொர்க் மேனேஜர் தொடாது; "அன்மேனேஜ்ட்" என்று காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். உங்கள் பதிவின்படி அது இணைக்கத்தான் செய்கிறது என்பதால் உங்களிடம் அந்தச் சிக்கல் இருக்காது. ஆனால் இந்த இழையைப் படிக்கும் வேறு எவருக்காவது பயன்படலாம்.

மின்விளக்கு எழுதியது:

இரண்டு சேவைகளின் மோதல் தீர்ந்த பிறகும் இணைப்பு மந்தமாகவோ விட்டுவிட்டோ இருந்தால், அட்டையின் மின்சேமிப்பைப் பாருங்கள். நெட்வொர்க் மேனேஜரின் அமைவில் வைஃபை பவர்சேவ் என்ற மதிப்பை 2 என்று வைத்தால் மின்சேமிப்பு அணைந்துவிடும். 3 என்றால் இயங்கும். எண்களைப் பார்த்தால் எது எதற்கென்று விளங்காது என்பதால் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். பேட்டரி சற்று விரைவாகத் தீரும்.

மற்றவர்களுக்கு ஒரு குறிப்பு. இன்டெல் அட்டை என்பதால் கடலோரனுக்கு ஐடபிள்யூடியும் தேர்வாக இருந்தது. ஐடபிள்யூடி கெர்னலோடு என்எல்80211 என்ற புதிய இடைமுகத்தின் வழியாக மட்டுமே பேசும். பழைய வயர்லெஸ் எக்ஸ்டென்ஷன்ஸ் முறையை மட்டுமே அறிந்த இயக்கி உங்கள் அட்டைக்கு இருந்தால், ஐடபிள்யூடியைப் பற்றி யோசிக்க வேண்டியதில்லை. அட்டையே தென்படவில்லை என்றால் இங்கு பேசப்படும் எதுவும் உதவாது. முதலில் ஃபர்ம்வேர் இருக்கிறதா என்று டிமெஸ்ஸேஜ் (dmesg) கட்டளை காட்டும் கெர்னல் வரிகளில் பாருங்கள், பிறகு ஆர்எஃப்கில் கட்டளையால் அட்டை தடுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். டெபியன் 12-லிருந்து ஃபர்ம்வேர் நிறுவல் வட்டிலேயே வருவதால் முதல் சிக்கல் வெகுவாகக் குறைந்துவிட்டது.

கடலோரன் எழுதியது:

ஐடபிள்யூடியை நிறுத்தி, மாஸ்க் செய்து, பிறகு பொதியையும் நீக்கிவிட்டேன். அதன் பின் வீட்டில் ஒருமுறைகூட இணைப்பு அறுபடவில்லை. எடுரோமுக்குக் கேட் தந்த நிரலை இயக்கினேன். இணைப்பு உருவாகிக் கல்லூரியில் வேலை செய்கிறது. உருவான இணைப்பைத் திறந்து பார்த்தேன். சான்றிதழும் கல்லூரிச் சேவையகத்தின் டொமைன் பெயரும் நிரப்பப்பட்டிருக்கின்றன.

இன்னும் இரண்டு ஐயங்கள் இருக்கின்றன. நண்பர் ஒருவரின் கணினியிலும் இதே ஐ3 சூழல்தான். அவர் எடுரோம் இணைப்பைக் கையால் உருவாக்கியபோது, கடவுச்சொல் தேவை என்று சொல்லி இணைப்பு தோற்றுவிடுகிறது, ஆனால் அதைக் கேட்கும் பெட்டி எதுவும் திரையில் வருவதில்லை. அடுத்து, வீட்டுக் கடவுச்சொல்லை வெளிப்படையாக வைக்காமல், டபிள்யூபிஏ பாஸ்ஃப்ரேஸ் கட்டளை தரும் 64 எழுத்துச் சாவியாக வைத்துக்கொள்ளலாமா?

நூலகவாசி எழுதியது:

எடுரோம் இணைந்ததில் மிக்க மகிழ்ச்சி.

நண்பரின் சிக்கலுக்குக் காரணம், கடவுச்சொல்லைப் பயனரிடம் கேட்டுப் பெறும் முகவர் ஒன்று நெட்வொர்க் மேனேஜருக்குத் தேவைப்படுவதுதான். க்னோம், கேடிஈ போன்றவற்றில் டெஸ்க்டாப்பே அந்த வேலையைச் செய்துவிடும். ஐ3-இல் யாரும் இல்லை. நெட்வொர்க் மேனேஜரின் பேனல் சின்னமான என்எம் ஆப்லெட்டை ஐ3 துவங்கும்போதே இயக்கிவிட்டால் பெட்டி வரும். அது வேண்டாமென்றால், நெட்வொர்க் மேனேஜரின் என்எம்சிஎல்ஐ கட்டளையில் அந்த இணைப்பின் 802-1எக்ஸ் (நிறுவன வலையமைப்புக்கான மெய்ப்பிப்பு) பிரிவில் கடவுச்சொல்லுக்கான ஃபிளாக்ஸ் மதிப்பை 0 என்று மாற்றிக் கடவுச்சொல்லையும் அங்கேயே கொடுத்துவிடலாம். அப்போது அது கணினி அளவில் சேமிக்கப்படும், யாரையும் கேட்காது. மதிப்பு 1 என்றால் முகவர் பொறுப்பு என்று பொருள். நண்பருடையது அப்படித்தான் இருக்கும்.

64 எழுத்துச் சாவியைப் பற்றி: உங்கள் கடவுச்சொல்லையும் வலையமைப்பின் பெயரையும் சேர்த்து 4096 சுற்றுகள் கடைந்து எடுக்கப்படும் 256 பிட் மதிப்பு அது. வைஃபைப் பாதுகாப்பு முறையான டபிள்யூபிஏ2-வுக்கு அதுவே போதும். ஆனால் அதை எடுத்துக்கொண்டு போகிறவர் உங்கள் வீட்டு வலையமைப்பில் அப்படியே நுழைந்துவிடலாம். அதே கடவுச்சொல்லை வேறெங்கும் நீங்கள் பயன்படுத்தியிருந்தால், அந்த இடம் மட்டுமே காப்பாற்றப்படும். அதற்கடுத்து வந்த டபிள்யூபிஏ3-இன் எஸ்ஏஈ என்ற மெய்ப்பிக்கும் முறைக்கோ மூலக் கடவுச்சொல்லே தேவை; சாவி மட்டும் இருந்தால் இணைய முடியாது. நாளை ரவுட்டரை டபிள்யூபிஏ3-க்கு மாற்றும்போது காரணம் தெரியாமல் தவிப்பீர்கள். ஆகவே கடவுச்சொல்லையே வையுங்கள். நெட்வொர்க் மேனேஜர் அதை ரூட் தவிர வேறெவரும் படிக்க முடியாத கோப்பில்தான் வைக்கிறது. மடிக்கணினி திருட்டுப்போனால் என்ன செய்வது என்ற கவலை இருந்தால், அதற்கு வட்டு முழுவதையும் மறையாக்கம் செய்வதே வழி.

கார்முகில் எழுதியது:

வீட்டில் மட்டும் இருக்கும் என் இரண்டாவது கணினியில் ஐடபிள்யூடியையே தொடர்கிறேன். அங்கே எடுரோம் இல்லை, மாற்ற வேண்டிய காரணமும் இல்லை. கடலோரனுக்கு நெட்வொர்க் மேனேஜர் சரியான தேர்வு என்பதில் எனக்கும் உடன்பாடுதான்.

கடலோரன் எழுதியது:

நண்பருக்கு ஃபிளாக்ஸ் மதிப்பை மாற்றிக் கொடுத்தேன், இணைந்துவிட்டது. விடுமுறையில் இந்தக் கணினியில் புதிய எஸ்எஸ்டி பொருத்தி, டெபியனை முதலிலிருந்து நிறுவப் போகிறேன். சேமித்த இணைப்புகளை அப்படியே எடுத்துச் செல்ல முடியுமா?

வழிப்போக்கன் எழுதியது:

முடியும். ஈடிசி கோப்புறையின் கீழ், நெட்வொர்க் மேனேஜரின் சிஸ்டம்-கனெக்ஷன்ஸ் பகுதியில் இணைப்புக்கு ஒன்றாக உரைக்கோப்புகள் இருக்கும். அவற்றைப் பென்டிரைவில் படியெடுத்துக்கொள்ளுங்கள். புதிய கணினியில் வைத்த பிறகு உரிமையாளரை ரூட் என்றும் அனுமதியை 600 (உரிமையாளர் மட்டுமே படிக்கவும் எழுதவும் முடியும்) என்றும் மாற்ற மறக்க வேண்டாம். பென்டிரைவிலிருந்து வரும்போது அனுமதிகள் மாறிவிடும். மற்றவர்கள் படிக்கக்கூடிய கோப்பாக இருந்தால் நெட்வொர்க் மேனேஜர் அதை ஏற்காது. எடுரோமுக்கான சான்றிதழ்க் கோப்பு உங்கள் வீட்டுக் கோப்புறைக்குள் தனியாக இருக்கும். இணைப்புக் கோப்பில் அதன் முழுப் பாதையும் எழுதப்பட்டிருப்பதால், புதிய நிறுவலில் பயனர்பெயரை மாற்றினால் அந்தப் பாதையையும் திருத்த வேண்டியிருக்கும். அதைவிடக் கேட் நிரலையே மறுபடி இயக்கிவிடுவது எளிது. எல்லாம் முடிந்ததும் என்எம்சிஎல்ஐ கனெக்ஷன் ரீலோட் கொடுங்கள். வேலை முடிந்தவுடன் பென்டிரைவில் உள்ள படிகளை அழித்துவிடுங்கள். கடவுச்சொற்கள் அவற்றில் வெளிப்படையாகவே இருக்கின்றன.